ஆறடி தள்ளி

அறுபத்தொன்று மெகாபிக்சல் தேசிங்கு வாடகைக்கு எடுத்தது,
நாளுக்கு மூவாயிரத்து ஐநூறு.
நாற்பத்தைந்து எனக்கு ஆகப்போவது;
கடன் பேப்பரில் கையெழுத்துதான் பாக்கி.
வாங்குமுன் ஒரு தடவை மோதவிட்டுப் பார்க்கலாம் என்று
எண்ணூர் காட்டுக்குப்பம் போனோம்,
முதல் பஸ்ஸுக்கும் முன்னால்.

ஒரே முக்காலி. ஐஎஸ்ஓ நூறு. துளை எட்டு.
காற்று மறந்துபோன கால்மணி நேரம்.
எதிரே குமுதவல்லி வீட்டுக் கொடியில்
ஆறு பள்ளிக்கூடச் சட்டைகள்.
வெள்ளையில்தான் கேமராவின் குட்டு வெளிப்படும் என்பான் தேசிங்கு,
கறுப்பில் எல்லாரும் யோக்கியர்கள்.

வண்ணாரப்பேட்டை அப்சல் கடையில்
இரண்டுக்கு மூன்று அடி, மேட் பேப்பர்.
அவனுக்கு அங்குலத்தில் இருநூற்று அறுபத்து நாலு புள்ளி,
எனக்கு இருநூற்று இருபத்தேழு.
மை காய்ந்ததும் சுவரில் ஒட்டி
ஆறடி தள்ளி நின்று பார்த்தோம்.

ஒன்றுதான் இரண்டும்.
ஆறு சட்டை, வெள்ளை, விடிகாலை.
"இதுக்காடா ரெண்டு பேரும் பேசாம இருந்தீங்க" என்றான் அப்சல்.

தேசிங்குக்கு மனசு ஆறவில்லை.
லூப்பை எடுத்தான். மூக்கு பேப்பரில் உரசியது.
"தோ பாரு, பட்டன்ல நூலு தனித்தனியா நிக்குது.
உன்துல கூழு."
நான் அக்குள் நிழலைக் காட்டினேன்:
"உன்துல மணல் கொட்டிக் கெடக்கு."
அப்போதுதான் பார்த்தேன்,
இரண்டாம் சட்டையின் காலரில் பொடிப் பொடியாய்.
"சென்சார்ல தூசிடா!"
ஜெயித்த சந்தோஷம் எனக்கு.
என் பிரிண்டிலும் இருந்தது.

ஊதினோம். திரவம் தொட்டுத் துடைத்தோம்.
மறுநாளும் போனோம். மறுநாளும் ஆறு சட்டை.
படம் எடுத்து முடித்ததும் குமுதவல்லி வந்து
ஒவ்வொன்றையும் இரண்டு தடவை உதறி எடுத்தாள்.
நாங்கள் லென்சை மூடிக்கொண்டோம், பழக்கத்தில்.

அப்சல் பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.
புது பிரிண்டில் புள்ளிகள் இடம் மாறியிருந்தன.

சென்சார் தூசி இடம் மாறாது.
வாடகை பாக்கிக்காரன் மாதிரி
படத்துக்குப் படம் அதே மூலையில் குந்தியிருக்கும்.

தேசிங்கு லூப்பைக் கீழே வைத்தான்.
"சாம்பல்டா" என்றான்.
பேப்பரின் வலது ஓரத்தில்
பாதி வெட்டுப்பட்டு நின்றது புகைபோக்கி.
அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளத்தான்
முக்காலியை இரண்டு தடவை நகர்த்தியிருந்தோம்.

என் பிரிண்டில் அது ஒரு மங்கல், அழுக்கு என்று சொல்லிவிடலாம்.
அவனுடையதில் ஒவ்வொரு துகளுக்கும் ஓரம் இருந்தது.
இரண்டு நாளாக நாங்கள் தேடிய வித்தியாசம்.

கத்திவாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர்.
பதினோரு வருஷக் கல்யாணம்.
மாப்பிள்ளை வேட்டியில், பந்தி இலையில்,
தாலி ஏறும் நேரத்தில் அவள் தோள்பட்டையில்
தூசி தூசி என்று ஒற்றி எடுத்திருக்கிறேன்,
ஆல்பத்துக்கு முந்நூறு தனியாக வாங்கிக்கொண்டு.

ராத்திரி பழைய ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினேன்.
பன்னிரண்டு மெகாபிக்சல் காலத்து ஒரு முகூர்த்தம்,
கை வைக்காத மூலப்படம்.
நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன்.
அவ்வளவுதான் தேவைப்பட்டது.

நாற்பத்தைந்துக்கே கையெழுத்துப் போட்டேன்.
கல்யாணத்துக்கு அது தாராளம்,
கூடத்தில் ஆறடி தள்ளித்தான் மாட்டுவார்கள்.

அறுபத்தொன்றின் பிரிண்டைச் சுருட்டிக்கொண்டுபோய்
குமுதவல்லியிடம் கொடுத்தோம்.
"நம்ம கொடியா?" என்றாள்.
சின்னவன் சட்டை எது என்று கண்டுபிடித்தாள்.
பிறகு விரித்துப் பிடித்து
உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள்.
இன்னொரு தடவை தட்டினாள்.